தம்பி இரட்சிப்பை இழந்துவிட்டானா?

அன்புள்ள ஐயாவுக்கு,

ஸ்தோத்திரம். திருச்சபை வரலாறு பற்றி நீங்கள் எழுதுவதை நானும் என் கணவரும் விடாமல் வாசிக்கிறோம். இது ஒரு குடும்ப விஷயம். உங்களிடம் கேட்கலாம் என்று தோன்றியது.

எனக்கு ஒரே தம்பி. பதினேழு வயதில் ஒரு வாலிபர் முகாமில் இரட்சிக்கப்பட்டதாகச் சாட்சி சொன்னான். சொன்னபடியே வாழ்ந்தான். விடியற்காலையில் எழுந்து வேதம் வாசிப்பான். ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுத்தான். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் கட்டில் பக்கத்தில் நின்று எங்கள் எல்லாருக்காகவும் ஜெபித்தவன் அவன்தான். வேலைக்குப் பெங்களூர் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. இப்போது தனக்கு விசுவாசம் இல்லை என்கிறான். கோபமாகச் சொன்னால்கூடப் பரவாயில்லை, அமைதியாகச் சொல்கிறான்.

எங்கள் பெரியப்பா தென்னிந்தியத் திருச்சபையில் (சி.எஸ்.ஐ.) ஐயராக, அதாவது போதகராக, இருந்து ஓய்வுபெற்றவர். "ஆண்டவர் பிடித்த பிடியை விடமாட்டார், பையன் வந்துவிடுவான்" என்கிறார். நான் வாழ்க்கைப்பட்டது பெந்தெகொஸ்தே குடும்பத்தில். எங்கள் பாஸ்டர், "அவன் பின்மாற்றக்காரன், ஜீவபுஸ்தகத்திலிருந்து பெயரைக் கிறுக்கிப்போட்டாயிற்று" என்கிறார். வேதபாட வகுப்பு எடுக்கும் ஒரு அக்கா, அவன் முதலிலிருந்தே இரட்சிக்கப்படவில்லை என்கிறார். மூன்று பேரும் வசனம் காட்டுகிறார்கள். அக்கா சொல்வதுதான் எனக்குத் தாங்கவில்லை. அப்படியானால் அம்மாவின் கட்டில் பக்கத்தில் அவன் செய்த ஜெபம் பொய்யா?

மே மாதம் லீவுக்கு வருகிறான். குடும்ப ஜெபத்தில் அவனை உட்காரவைக்கக் கூடாது என்று பாஸ்டர் சொல்லியிருக்கிறார். என்ன செய்வது?

இன்னொன்று. அவன் கேட்கிற கேள்விகளில் சில எனக்குள்ளும் இருக்கின்றன. ராத்திரியில் தூக்கம் வருவதில்லை.

எம்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் குடும்பத்துக்குள் நடக்கும் இந்த வழக்குக்கு நானூறு வயது. அதற்கு முன்னும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

பெரியப்பாவும் அந்த அக்காவும் எதிரெதிராகப் பேசுவதாக நினைக்கிறீர்கள். இரண்டு பேரும் பேசுவது ஒரே உபதேசம்தான். உண்மையாக மறுபடியும் பிறந்தவரைத் தேவன் கடைசிவரை காப்பார் என்று 1618-19இல் நெதர்லாந்தில் கூடிய டோர்ட் மாநாடு தீர்மானித்தது. சீர்திருத்தவாதி ஜான் கால்வின் வழிவந்த சபைகள் பொதுவாக இதை ஏற்றுக்கொண்டவை. பெரியப்பா காட்டியது அநேகமாக யோவான் 10:28 ஆக இருக்கும்: "ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை." அக்கா காட்டியது 1 யோவான் 2:19: "அவர்கள் நம்மைவிட்டுப் பிரிந்துபோனார்கள், ஆகிலும் அவர்கள் நம்முடையவர்களாயிருக்கவில்லை." ஒருவர் அந்த உபதேசத்தை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக் காத்திருக்கிறார், இன்னொருவர் அதையே வைத்துக் கதவைச் சாத்துகிறார்.

பாஸ்டர் நிற்பது மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி நின்ற பக்கம். விசுவாசி விழுந்துபோக முடியும் என்று வெஸ்லி 1751இல் இதற்கென்றே ஒரு சிறு நூல் எழுதினார். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் எல்லாம் சேர்ந்து 1947இல் சி.எஸ்.ஐ. ஆனபோது கால்வினின் பிள்ளைகளும் வெஸ்லியின் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அதனால் பெரியப்பாவின் சபையிலேயே பாஸ்டர் கட்சி ஆட்கள் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

இதில் ஒரு வேடிக்கை. டோர்ட் மாநாடு யாரைக் கண்டித்ததோ அந்த டச்சு இறையியலாளர் ஆர்மினியஸின் சீடர்கள் 1610இல் ஐந்து பிரிவுகளாகத் தங்கள் நிலையை எழுதிக் கொடுத்திருந்தார்கள். விசுவாசி விழுந்துபோக முடியுமா என்பது ஐந்தாவது பிரிவு. வேதத்திலிருந்து இதை இன்னும் ஆராய்ந்த பிறகே நிச்சயமாகச் சொல்ல முடியும் என்று அதில் விட்டுவிட்டார்கள். இந்த நீண்ட சண்டையில் எனக்குப் பிடித்த இடம் அதுதான். சில வருடங்களிலேயே அவர்களும் அடித்துப் பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

சரி, என் பதில் என்ன? நான் லுத்தரன் சபையில் வளர்ந்தவன், அந்தச் சாய்வு எனக்கு உண்டு. லுத்தரன் சபைகளின் விசுவாச அறிக்கையான 1530இன் ஆக்ஸ்பர்க் அறிக்கையில் பன்னிரண்டாவது பிரிவு இரண்டு கூட்டத்தாரை ஒருசேர மறுக்கிறது. ஒருதரம் நீதிமானாக்கப்பட்டவர் பரிசுத்த ஆவியை இழக்கவே முடியாது என்பவர்கள் ஒரு கூட்டம். விழுந்தவர் மனந்திரும்பி வந்தாலும் பாவமன்னிப்புக் கொடுக்கமாட்டோம் என்பவர்கள் இன்னொரு கூட்டம். விழவும் முடியும், எழுந்து வரவும் முடியும். எனக்கு இது சரியாகப் படுகிறது. ஆகவே அம்மாவின் கட்டில் பக்கத்தில் உங்கள் தம்பி செய்த ஜெபம் ஜெபம்தான். இன்றைக்கு அவன் சொல்வதை வைத்து அன்றைக்கு அவன் கண்ணீரோடு நின்றதைப் பொய்யாக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. அவனே அதைப் பொய் என்று சொன்னதாக நீங்கள் எழுதவில்லை.

பஸ்ஸில் குடையை மறந்துவிட்டு இறங்குவதுபோல் இரட்சிப்பு தொலைந்துபோகும் என்று கன்வென்ஷன் மேடைகளில் சிலர் பயமுறுத்துகிறார்களே, அதை நான் ஏற்கவில்லை. ஒரு கோபத்துக்கு ஒருதரம், ஒரு சினிமாவுக்கு ஒருதரம் என்று பெயர் எழுதப்படுவதும் கிறுக்கப்படுவதுமாக இருந்தால் பரலோகத்தில் அதற்கென்றே ஒரு தாலுகா ஆபீஸ் வேண்டும். பேதுரு மூன்று தரம் மறுதலித்தார். அதற்கு முன்பே ஆண்டவர் அவரிடம், "நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்று சொல்லியிருந்தார்.

பாஸ்டர் உங்களுக்குக் காட்டியது புதிய ஏற்பாட்டில் எபிரெயர் நிருபத்தின் ஆறாம் அதிகாரமாகத்தான் இருக்க வேண்டும். ருசிபார்த்த பிறகு மறுதலித்துப்போனவர்களை மறுபடியும் புதுப்பிக்கிறது "கூடாதகாரியம்". பயங்கரமான வசனம். அதை மழுப்பப் பார்க்கிற விளக்கங்கள் எனக்குத் திருப்தி தரவில்லை. ஆனால் அது யாரிடம் சொல்லப்பட்டது? சபையைவிட்டுப் போனவர்களிடம் அல்ல. சோர்ந்துபோய், போகலாமா என்று யோசித்துக்கொண்டு இன்னும் உள்ளே உட்கார்ந்திருந்தவர்களிடம். மூன்று வசனம் தள்ளி ஒன்பதாம் வசனத்தில் அதே ஆள், "பிரியமானவர்களே, நாங்கள் இப்படிச் சொன்னாலும்" என்று குரலைத் தணித்து, இரட்சிப்புக்குரிய காரியங்கள் உங்களிடத்தில் உண்டென்று நம்பியிருக்கிறோம் என்கிறார். முகத்துக்கு முகம் பார்த்து, போகாதே என்று சொல்லும் எச்சரிக்கை அது. அங்கே இல்லாத ஒருவனைப் பற்றி மற்றவர்கள் கூடிப் பேசி எழுதிக்கொள்ளும் தீர்ப்பாக அதை மாற்றியது நாம்.

அப்படி மாற்றலாமா கூடாதா என்று சபை நிஜமாகவே முடிவெடுக்க வேண்டிவந்தது 250இல். ரோமப் பேரரசன் தேசியஸ், குடிகள் எல்லாரும் தேவர்களுக்குப் பலி செலுத்தி அதிகாரிகளிடம் சான்று வாங்க வேண்டும் என்று ஆணையிட்டான். அந்தச் சான்றுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவை எகிப்தின் மணலில் பாப்பிரஸ் தாள்களாகக் கிடைத்திருக்கின்றன. ஒன்றில் மனுதாரர் பெயர் அவுரேலியஸ் தியோகெனஸ். சதாபுஸ் மகன், வயது 72, வலது புருவத்தில் தழும்பு. நான் எப்போதும் தேவர்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்னிலையில் பலியிட்டு, பானபலி ஊற்றி, படைத்ததில் உண்டேன், சான்றளிக்கக் கேட்டுக்கொள்கிறேன் என்கிறது மனு. அந்தக் கிழவர் கிறிஸ்தவரா இல்லையா என்று அந்தத் தாள் சொல்வதில்லை. எல்லாரும் வாங்க வேண்டிய சான்றுதான். ஆனால் இதே வாசகத்துக்குக் கீழே ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களும் நின்றார்கள்.

வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்துப் பேராயர் சிப்ரியான் அதை எழுதிவைத்திருக்கிறார். யாரும் பிடித்து இழுக்கும் முன்பே தாங்களாக ஓடினார்கள், பொழுது சாய்ந்து அதிகாரிகள் நாளைக்கு வா என்றபோது இன்றைக்கே முடித்துவிடுங்கள் என்று கெஞ்சினவர்களும் உண்டு என்கிறார். சிலர் பலியிடாமல் காசு கொடுத்துச் சீட்டு மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அடுத்த வருடம் கெடுபிடி தணிந்ததும் இவர்களில் பலர் அழுதுகொண்டு சபை வாசலுக்கு வந்தார்கள். உங்கள் தம்பி செய்தது இதைவிடப் பெரிதா, சொல்லுங்கள். இவர்கள் சாமிக்குப் படைத்துத் தின்றவர்கள். எபிரெயர் ஆறு பொருந்துமென்றால் இவர்களுக்குத்தான் முதலில் பொருந்த வேண்டும்.

சிப்ரியான் மென்மையான ஆள் இல்லை. உடனே சேர்த்துக்கொள்ள மறுத்தார். 251இல் கார்த்தேஜில் கூடிய ஆயர் சங்கம், சீட்டு மட்டும் வாங்கினவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்க்கலாம், பலியிட்டவர்கள் மனந்திரும்பி இருந்தால் மரணப்படுக்கையில் சமாதானம் கொடுக்கலாம் என்றது. கொஞ்ச காலத்திலேயே மறுபடி உபத்திரவம் வரப்போகிறது என்ற பேச்சு வந்தது. அப்போது மனந்திரும்பின எல்லாரையும் சேர்த்துக்கொண்டார்கள். இவர்களுக்கு ராப்போஜனம் கொடுக்காமல் எப்படி இரத்தசாட்சிகளாகப் போகச் சொல்வது என்பது அவர்கள் கேட்ட கேள்வி. சிப்ரியானும் 258இல் தலைவெட்டப்பட்டு இறந்தார்.

ரோமில் நோவேஷியன் என்ற மூப்பர் இதை ஏற்கவில்லை. தேவன் மன்னித்தால் மன்னிக்கட்டும், சபைக்கு அந்த அதிகாரம் இல்லை என்று சொல்லித் தனிச்சபை கண்டார். அந்தச் சபை சில நூற்றாண்டுகள் இருந்தது. அதன் ஆயர்களில் ஒருவர் அகேசியஸ், 325இல் கூடிய நைசியா சபை மாநாட்டுக் காலத்தவர். பேரரசன் கான்ஸ்டன்டைன் அவரைக் கூப்பிட்டு, ஏன் தனியாக நிற்கிறீர்கள் என்று கேட்டான். அவர் காரணத்தைச் சொன்னதும், "அப்படியானால் ஏணியைப் போட்டு நீர் மட்டும் பரலோகத்துக்கு ஏறிக்கொள்ளும்" என்றானாம். சாக்ரடீஸ் என்ற சபை வரலாற்றாசிரியர் பதிந்திருக்கிறார். கான்ஸ்டன்டைனுக்கு இதைச் சொல்ல என்ன யோக்கியதை என்று கேட்கலாம், கேட்க வேண்டியதுதான். ஆனாலும் உங்கள் பாஸ்டரிடம் ஒருநாள் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள்.

இனி உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். முழுக் கடிதமும் அதற்காகத்தான் எழுதப்பட்டது என்று எனக்குப் படுகிறது.

ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்களில் "இம்மானுவேலின் இரத்தத்தால் நிறைந்த ஊற்றுண்டே" பாடியிருப்பீர்கள். எப்படிப்பட்ட பாவமும் அதில் தீரும் என்கிற பாட்டு. ஆங்கிலத்தில் அதை எழுதியவர் வில்லியம் கூப்பர் என்ற கவிஞர். அவரும் அவருடைய போதகர் ஜான் நியூட்டனும் உறுதியான கால்வின் வழிக்காரர்கள். தேவன் தெரிந்துகொண்டவன் கெட்டுப்போகமாட்டான் என்பது அவர்கள் இருவருக்கும் சந்தேகமே இல்லாத விஷயம். ஏற்கெனவே ஒருமுறை மனநோய் கண்டு மருத்துவமனையில் இருந்து மீண்டவர் கூப்பர். 1773 தொடக்கத்தில் அது திரும்பவும் தாக்கியது. "உன் கதை முடிந்தது, நீ அழிந்தாய்" என்று ஒரு குரலைக் கனவில் கேட்டார். அன்றிலிருந்து 1800இல் சாகும்வரை, உலகத்தில் வேறு யாருக்கும் பொருந்தாத ஒரு விதிவிலக்காகத் தேவன் தன்னை மட்டும் தள்ளிவிட்டார் என்று நம்பினார். ஆலய வழிபாட்டுக்கு அவர் திரும்பவே இல்லை. மூன்று முயல்களை வளர்த்தார், ஹோமரை மொழிபெயர்த்தார், நண்பர்களுக்கு நகைச்சுவையாகக் கடிதம் எழுதினார். ஆனால் அந்த ஒரு முடிவை மட்டும் அவர் மனத்திலிருந்து யாராலும் அசைக்க முடியவில்லை.

அக்காவின் உபதேசத்தை முழுசாக நம்பியவருக்கே இந்தக் கதி. சரியான உபதேசத்தைப் பிடித்துக்கொண்டால் பயம் போய்விடும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கூப்பர் நினைவுதான் வரும்.

நியூட்டன் செய்ததைப் பாருங்கள். நோய் முற்றியிருந்தபோது ஓராண்டுக்கு மேல் கூப்பரைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். தான் கெட்டுப்போனதாகக் கூப்பர் தன் வாயாலேயே சொல்லியும், அதை நியூட்டன் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. ஊர் மாறிப் போன பிறகும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். கூப்பர் இறந்தபோது அவருக்காக நினைவுப் பிரசங்கம் செய்தார்.

உங்களுக்குள் கேள்விகள் இருப்பதை மறுதலிப்பு என்று நினைக்காதீர்கள். எபிரெயர் நிருபம் பயமுறுத்துவது, கேள்வி வந்ததே என்று ராத்திரி முழுக்கத் தவிக்கிறவரை அல்ல. ஆனால் தூக்கம் வராமல் எத்தனை நாளாகிறது என்று நீங்கள் எழுதவில்லை. வாரக்கணக்கில் இப்படி என்றால், இதை ஆவிக்குரிய பிரச்சினையாக மட்டும் எடுத்துக்கொண்டு உபவாசம் இருக்க ஆரம்பிக்காமல் ஒரு நல்ல மனநல மருத்துவரைப் பாருங்கள். கணவரிடமும் சொல்லுங்கள். பெரியப்பா நல்ல மனுஷராகத் தெரிகிறார், அவரிடமும் சொல்லலாம்.

மே மாதத்துக்கு: குடும்ப ஜெபம் உங்கள் வீட்டில் நடப்பது. தம்பி உட்கார விரும்பினால் உட்காரட்டும். எழுந்து மாடிக்குப் போனால் போகட்டும், யாரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள வேண்டாம். அவன் பெயரைச் சொல்லி, அவன் காதில் விழும்படி, அவனுக்குப் பாடம் எடுப்பதுபோல் ஜெபிக்காதீர்கள். நம் வீடுகளில் இது அதிகம். ஜெபம் முடிந்த பிறகு, முடிந்தால் நீங்களும் அவனும் மட்டும் இருக்கும் நேரத்தில், உன் கேள்விகளில் இன்னின்னது எனக்கும் உண்டு என்று சொல்லுங்கள். அவன் பதிலுக்கு என்ன சொன்னான் என்று முடிந்தால் எனக்கும் எழுதுங்கள்.