நகையை எடுத்து வைத்துவிட்டுப் புடவையைப் பாருங்கள்: வாசகியர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: வருகிற தை மாதம் என் தங்கைக்குத் திருமணம். பாட்டி எனக்குக் கொடுத்த கெம்புக்கல் அட்டிகையை அன்று அணிய ஆசைப்படுகிறேன். நடுவில் அன்னப்பட்சிப் பதக்கமும் அதன் கீழே முத்துத் தொங்கல்களும் கொண்ட, பார்வைக்கு மிகப் பெரிய நகை அது. கத்திரிப்பூ நிறக் காஞ்சிபுரம் பட்டு எடுத்திருக்கிறேன். ரவிக்கையின் கழுத்தைச் சுற்றி ஆரி வேலைப்பாடு செய்யச் சொல்லலாமா?
வாசகி, கும்பகோணம்

பதில்: ரவிக்கையை இன்னும் தைக்கக் கொடுக்காமல் இருக்கும்போதே கேட்டீர்களே, அதுவே பெரிய நிம்மதி. கழுத்தில் ஆரி வேலைப்பாடு வேண்டாம். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுத் திருமணம் ஒன்றில் நானும் இப்படித்தான் ஜரிகையும் மணியும் வைத்துக் கழுத்து முழுவதும் வேலைப்பாடு செய்துகொண்டேன். அதன்மேல் அட்டிகையைக் கட்டியபோது கல் எது, மணி எது என்று தெரியாமல் இரண்டும் கலந்து மங்கிப்போயின. போதாததற்கு, பதக்கத்தின் பின்பக்கக் கம்பி ஆரி நூலில் சிக்கி, தாலி கட்டும் நேரத்தில் ஒரு முத்துத் தொங்கல் அறுந்து விழுந்தது. அந்த முத்து கடைசிவரை கிடைக்கவே இல்லை.

பெரிய அட்டிகையைப் பொறுத்தவரை முதலில் முடிவு செய்ய வேண்டியது, அது உடம்பின்மேல் படியப்போகிறதா, துணியின்மேல் படியப்போகிறதா என்பதுதான். கெம்புக்கல்லின் சிவப்பும் பச்சையும் பொன்னிறச் சட்டத்தோடு சேர்ந்து தோலின்மேல் படியும்போதுதான் முழுமையாகத் தெரியும். ஆகவே ரவிக்கையின் முன்கழுத்து, கடைசி முத்துக்குக் கீழே இரண்டு விரற்கடை இடைவெளி விட்டு முடிய வேண்டும். போட் நெக் எனப்படும் அகலக் கழுத்துதான் உங்களுக்கு வசதி என்றால் நகை துணியின்மேல்தான் கிடக்கும். அப்போது ரவிக்கை அடர்நிறத்தில், புட்டாவோ கோடோ இல்லாத ஒற்றை நிறப் பட்டாக இருக்கட்டும். புடவையின் நிறத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். அரக்குச் சிவப்புப் புடவையாக இருந்திருந்தால் சிவப்புக் கற்கள் அதில் அமிழ்ந்துபோகும். கத்திரிப்பூ நிறத்தில் அந்தச் சிக்கல் இல்லை, பச்சைக் கற்களும் எடுப்பாகத் தெரியும்.

தையற்காரரிடம் அளவு கொடுக்கப் போகும்போது அட்டிகையைக் கையோடு கொண்டுபோங்கள். பாட்டி காலத்து அட்டிகைகள் பலவற்றில் கொக்கி இருக்காது. பின்கழுத்தில் பட்டுக் கயிற்றால்தான் கட்ட வேண்டும். முடிச்சை ஒரு விரல் தளர்த்தினால் பதக்கமும் அந்த அளவுக்குக் கீழே இறங்கிவிடும். எனவே திருமணத்தன்று எப்படிக் கட்டப்போகிறீர்களோ அப்படியே கட்டிக்கொண்டு நின்று, பழைய ரவிக்கை ஒன்றின்மேல் சாக்குக்கட்டியால் குறி வைத்துக்கொள்ளுங்கள். ஆரி வேலைப்பாட்டின்மேல் உங்களுக்கு இவ்வளவு ஆசை இருப்பதால் அதை முழுவதும் கைவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை; முழங்கைக்குச் சற்று மேலே முடியும் ரவிக்கைக் கையின் ஓரத்தில் மட்டும் செய்துகொள்ளுங்கள். முதுகுப் பக்கத்தில் கயிற்றின் குஞ்சமே அழகாகத் தொங்கும்.

முந்தானையை மடிப்பு எடுத்துக் குத்தும்போது வழக்கமான இடத்திலிருந்து ஓர் அங்குலம் தோளின் வெளிப்பக்கம் தள்ளிக் குத்துங்கள். இல்லையென்றால் பதக்கத்தின் இடப்பாதி மடிப்புக்குள் மறைந்து, புகைப்படங்களில் அரை அன்னப்பட்சிதான் தெரியும். ஆரமும் மாங்காய் மாலையும் மணப்பெண்ணாகிய தங்கைக்கு இருக்கட்டும். உங்களுக்கு இந்த அட்டிகையும் அளவான கெம்பு ஜிமிக்கியும் போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாகர்கோவிலின் வடசேரியில் செய்யப்படும் கோயில் நகைகள் புவிசார் குறியீடு பெற்றவை. அங்கே வெள்ளியில் சட்டம் அமைத்து, அரக்கு நிரப்பிக் கற்களைப் பதித்து, கற்களைச் சுற்றித் தங்கத் தகட்டை அழுத்தி மெருகேற்றுவார்கள். உங்கள் பாட்டியின் அட்டிகையும் அந்த முறையில் செய்யப்பட்டதாக இருந்தால் சூடும் ஈரமும் அதற்கு ஆகாது, ஏனென்றால் அரக்கு இளகினால் கல் ஆடத் தொடங்கிவிடும். வாசனைத் திரவியம் தெளித்து, அது உலர்ந்தபின் கடைசியாக நகையை அணியுங்கள். தலையில் வைக்கும் மல்லிகைச் சரத்தைத் தண்ணீர் சொட்டச் சொட்ட வைக்காமல் உதறிவிட்டு வையுங்கள்.

கேள்வி: கல்லூரி மாணவி நான். பெரிய ஜிமிக்கி என்றால் எனக்கு உயிர். ஆனால் மாலைக்குள் காது வலிக்கத் தொடங்கிவிடுகிறது. எந்தக் குர்தாவுக்கு எந்த ஜிமிக்கி என்பதும் குழப்பமாக இருக்கிறது.
வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அன்புத் தங்கைக்கு, முதலில் காதைக் கவனியுங்கள். துளை நீண்டு கோடு போலத் தெரிகிறது என்றால் மருத்துவரிடம் காட்டும்வரை கனமான எதையும் மாட்டாதீர்கள். துளை நன்றாக இருந்தால் மாட்டல் வாங்கிக்கொள்ளுங்கள். காதின் மேலாகப் போய்க் கூந்தலில் செருகப்படும் அந்தச் சங்கிலி அழகுக்காக மட்டும் வந்ததன்று. தோட்டின் எடையில் ஒரு பங்கைக் கூந்தல் தாங்கும்படி செய்வது அதுதான். அதைத் தளர்வாக விட்டால் பயனில்லை, காது மடல் இலேசாக மேலே தூக்கப்படும் அளவுக்கு இழுத்துச் செருக வேண்டும்.

உடையைப் பொறுத்தவரை, ஜிமிக்கி ஆடுவதற்கு இடம் வேண்டும். நின்ற காலர் வைத்த குர்தாவில் அதன் விளிம்பு துணியில் உரசி நூலை இழுக்கும். கழுத்தைச் சுற்றிப் போடும் துப்பட்டாவும் அப்படித்தான். காலர் இல்லாத வட்டக் கழுத்துக் குர்தாவை அணிந்து, துப்பட்டாவை ஒரு தோளில் மட்டும் விட்டு, கழுத்தில் எதுவும் போடாமல் இருந்து பாருங்கள்.

கேள்வி: வங்கியில் பணியாற்றுகிறேன். கருமை ஏற்றிய ஆக்சிடைஸ்டு வெள்ளியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பதக்கம் வாங்கினேன். கைத்தறிப் புடவைகளோடு அதை அலுவலகத்துக்கு அணியலாமா?
வாசகி, மதுரை

பதில்: தாராளமாக அணியலாம். ஆனால் உங்கள் கழுத்தில் ஏற்கெனவே அடையாள அட்டை ஒன்று தொங்குகிறதல்லவா? நீளச் சங்கிலியில் கோத்த பதக்கமும் அந்த அட்டையும் நாள் முழுவதும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருக்கும்; பார்ப்பவர் கண்ணும் இரண்டில் எதில் நிற்பது என்று தடுமாறும். அட்டையை இடுப்பில் செருகிக்கொள்ள அலுவலகம் அனுமதித்தால் அப்படிச் செய்துவிட்டு, பதக்கத்தைக் கருப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தெலும்பை ஒட்டி நிற்கும்படி கட்டிக்கொள்ளுங்கள். புடவையில் நீளச் சங்கிலி பெரும்பாலும் முந்தானைக்குள் போய்விடும் என்பதால் கயிறு குட்டையாக இருப்பதே நல்லது. அனுமதி இல்லையென்றால் பதக்கத்தை விடுமுறை நாளுக்கு வைத்துக்கொண்டு, அதே வெள்ளியில் அகலமான ஒற்றைக் காப்பு ஒன்றை அணிந்து செல்லுங்கள். பணம் எண்ணும் கையும் கையெழுத்திடும் கையும்தானே வாடிக்கையாளர் கண்ணில் முதலில் படுபவை.

புடவை என்று பார்த்தால், உங்கள் ஊர்ச் சுங்குடியே இதற்கு மிகவும் பொருந்தும். முடிச்சிட்டுச் சாயம் தோய்த்த அந்தச் சின்னஞ்சிறு புள்ளிகள் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் ஒற்றை நிறம் போலவே தோன்றுவதால் நகையோடு மோதுவதில்லை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கி எனக்கு மிகவும் பிடித்த புடவை. ஆனால் அதன் பெரிய கட்டங்களும் அகலக் கரையுமே கண்ணை நிறைத்துவிடும். அதற்குச் சின்னத் தோடு போதும்.

கருமை படர்ந்த வெள்ளி என்பதால் புளியோ பற்பசையோ போட்டுத் தேய்க்காதீர்கள். பள்ளங்களில் வேண்டுமென்றே ஏற்றப்பட்ட கருமை போய்விட்டால் செதுக்கல் தெரியாமல் போகும். உலர்ந்த மென்துணியால் துடைத்தாலே போதுமானது.

கேள்வி: மகளின் வளைகாப்புக்கு ஒட்டியாணம் அணியலாம் என்று இருக்கிறேன். நடக்கும்போது நழுவி இறங்கிவிடுகிறது. எனக்கு வயது ஐம்பத்திரண்டு.
வாசகி, திருநெல்வேலி

பதில்: வயதை எதற்கு அம்மா சொல்கிறீர்கள்? நன்றாக அணியுங்கள். வழுக்கும் மென்பட்டில் ஒட்டியாணம் நிற்காது. கனமான காஞ்சிபுரம் பட்டுதான் அதற்குப் பிடிமானம் தரும். இடுப்புப் பகுதியில் பெரிய புட்டா இல்லாத புடவையாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டியாணத்தை உடம்போடு பூட்டிவிட்டு மேலே முந்தானையை விடாமல், முந்தானை மடிப்பை முதலில் படியவைத்து அதற்கு மேல் பூட்டுங்கள். பின்பக்கம் இரண்டு இடங்களில் புடவையின் உள்மடிப்போடும் பாவாடை நாடாவோடும் சேர்த்து ஊக்கு குத்திவிட்டால் இறங்காது. உட்கார்ந்து எழுந்து பார்த்தே கண்ணியைத் தேர்ந்தெடுங்கள். பந்தியில் உட்காரும் முன் ஒரு கண்ணி தளர்த்திக்கொள்ள மறந்துவிடாதீர்கள்.