‘இன்சூரன்ஸ் ஓடுது சார்’ என்றால் எது ஓடுகிறது?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. லைசென்ஸ் எடுத்துவிட்டான். முதல் வண்டியே யமஹா ஆர்15 தான் வேண்டுமாம். 2022 ஜனவரியில் பதிவான வி4 மாடல் ஒன்று மதுரையில், பழைய வண்டி விற்கும் ஒரு பைக் கன்சல்டிங்கில் இருக்கிறது. “2027 ஜனவரி வரை இன்சூரன்ஸ் ஓடுது சார், நேம் டிரான்ஸ்ஃபர் மெதுவா பண்ணிக்கலாம், உங்க பேர்லயே போட்டுடலாம்” என்கிறார் கடைக்காரர். பையன் புதுசு, கீழே போடத்தான் செய்வான். அந்த இன்சூரன்ஸ் போதுமா?

பதில்: போதாது.

2018 செப்டம்பரிலிருந்து புது டூவீலர் எதுவானாலும் 5 வருட தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸோடுதான் விற்கப்படுகிறது. வண்டியின் சொந்தச் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பெரும்பாலும் முதல் ஒரு வருடத்துக்குத்தான் சேர்த்திருப்பார்கள். அப்புறம் பலர் புதுப்பிப்பதில்லை. ஆகவே 2027 வரை ஓடுவது அநேகமாக வெறும் தேர்ட் பார்ட்டி. உங்கள் மகன் யார் மீதாவது மோதினால் அவர்களுக்கு நஷ்டஈடு கிடைக்கும். வண்டி உடைந்தாலோ திருடுபோனாலோ உங்களுக்கு ஒரு ரூபாய் வராது. பாலிசி காகிதத்தை வாங்கி, ஓன் டேமேஜ் முடியும் தேதியைத் தனியாகப் பாருங்கள். கடைக்காரர் காட்டும் தேதி அதுவாக இருக்காது.

இந்த வண்டிக்கு அது முக்கியம். புதுப் பையன்கள் ஆர்15-ஐ வேகத்தில் போடுவதைவிட நின்ற இடத்தில் போடுவதுதான் அதிகம். சீட் 815 மில்லிமீட்டர் உயரம், ஹேண்டில் தாழ்வு, யு டர்னில் முழுசாகத் திரும்பாது. சாய்ந்தால் முதலில் அடிபடுவது ஃபேரிங், அதாவது வண்டியை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறை. ஓன் டேமேஜ் இருந்தாலும் பிளாஸ்டிக் பாகத்துக்குத் தேய்மானம் என்று பாதியைக் கழித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். அந்தப் பாதியையும் வாங்க, தேய்மானம் கழிக்காத ‘ஜீரோ டெப்’ கவரைத் தனியாகச் சேர்க்க வேண்டும். வண்டி பழசாக ஆக அதைத் தரவும் யோசிப்பார்கள். சின்னக் கீறலுக்கெல்லாம் க்ளெய்ம் போடாதீர்கள், க்ளெய்ம் போடாத வருடத்துக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸ் போய்விடும்.

இன்னொன்று, இது 155 சிசி. 150-ஐத் தாண்டியதால் தேர்ட் பார்ட்டி கட்டணம் மேல் பிரிவில் விழுகிறது. 2022-ல் நிர்ணயித்தபடி 75-க்கு மேல் 150 வரை வருடத்துக்கு 714 ரூபாய், அதற்கு மேல் 1,366. ஐந்து சிசிக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு! சரி, அதை நாம் மாற்ற முடியாது.

அடுத்து, ‘உங்க பேர்லயே போட்டுடலாம்’ என்கிறாரே, அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதல்லவா, அது உரிமையாளரே ஓட்டும்போது அவருக்குத்தான். ஆர்.சி. உங்கள் பெயரில் இருந்து மகன் ஓட்டினால் அவனுக்கு அது கிடையாது. தேர்ட் பார்ட்டியிலும் கேட்க முடியாது. ஓனரிடம் வண்டியை வாங்கி ஓட்டுபவர் ஓனரின் இடத்தில் நிற்பவர், தேர்ட் பார்ட்டி அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லிவிட்டது. மகன் மேஜர், லைசென்ஸும் இருக்கிறது. அவன் பெயரிலேயே ஆர்.சி., அவன் பெயரிலேயே அந்தத் தனிநபர் விபத்துக் காப்பீடு (பி.ஏ. கவர்). பழைய ஓனரின் கவர் வண்டியோடு வராது, கேட்டு வாங்குங்கள். அதுவும் உயிரிழப்பு, நிரந்தர ஊனத்துக்குத்தான். கால் முறிந்தால் ஆஸ்பத்திரி பில்லுக்கு ஹெல்த் பாலிசிதான்.

நேம் டிரான்ஸ்ஃபரை ‘மெதுவா’ செய்வது கடைக்காரருக்குத்தான் வசதி. பழைய ஓனரிடம் பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-ல் கையெழுத்து வாங்கித் தேதி போடாமல் வைத்திருப்பார். அந்த ஓப்பன் பேப்பரோடு வண்டி இரண்டு மூன்று கை மாறும். வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்காவிட்டால் ஓன் டேமேஜ் க்ளெய்ம் நிராகரிக்கப்படும். விற்றவருக்கும் ஆபத்துதான்: ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே உரிமையாளர், நஷ்டஈட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதற்குப் பிறகும் ஓப்பன் பேப்பர் வியாபாரம் பட்டப்பகலில் நடக்கிறது. ஆன்லைன் என்கிறார்கள், விண்ணப்பித்த பின்னும் காகிதக் கட்டோடு ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. ஜனங்கள் புரோக்கரிடம் போகாமல் என்ன செய்வார்கள்?

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். இந்த வகை வண்டிகளை வைத்திருப்பவர்கள் இளைஞர்கள். ஓனர் விபத்தில் இறந்துபோய், வண்டி கடைக்கு வந்திருக்கலாம். அவர் உயிரோடு இருந்தபோது போட்ட கையெழுத்து இருக்கிறது என்பார்கள். அது செல்லாது. வாரிசு முதலில் ஃபார்ம் 31 கொடுத்துத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்குச் சட்டம் தரும் அவகாசம் மூன்று மாதம். பிறகுதான் உங்களுக்கு விற்க முடியும். வாரிசுகள் இரண்டு மூன்று பேர் என்றால் மற்றவர்களின் சம்மதமும் வேண்டும். ‘அவங்க அப்பா கையெழுத்துப் போடுவார்’ என்று சொன்னால் அப்பாவின் பெயர் ஆர்.சி.யில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஆர்.சி.யில் இருப்பவரோடு நீங்களே போனில் பேசாமல் எந்த வண்டியையும் வாங்க வேண்டாம்.

அரசின் எம்-பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இன்னும் இருந்தால் கடன் முடிந்ததற்கான என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35-ம் வாங்கி, ஆர்.சி.யில் இருக்கும் கடன் பதிவு (எச்.பி.) கேன்சல் ஆகட்டும். பணத்தில் ஒரு பகுதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மகன் பெயரில் ஆர்.சி. வந்த பிறகு மீதி என்று எழுதி வாங்குங்கள். ஒப்புக்கொள்ளாத கடையில் அந்த வண்டி வேண்டாம். மதுரையில் ஆர்15-க்குப் பஞ்சமில்லை.