அப்ரைட் பியானோவில் சுருதி ஏன் நிலைப்பதில்லை?

டியூன் செய்து மூன்று மாதம் ஆவதற்குள் பியானோவின் சுருதி விலகிவிடுகிறது, டியூனர் சரியில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் கடற்கரைக்கு அருகே கம்பிகள் செங்குத்தாக நிற்கும் பழைய அப்ரைட் பியானோ ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: டியூனரை மாற்றும் முன், பியானோ நிற்கும் அறையைக் கவனியுங்கள்.

ஏறக்குறைய 230 கம்பிகளின் இழுவிசையும் சேர்ந்தால் 15 டன்னைத் தாண்டும். அக்கம்பிகள் அழுத்தி நிற்கும் பிரிட்ஜ் என்ற மரத்தாங்கி, ஒலியைப் பெருக்கும் ஸ்ப்ரூஸ் மரப் பலகையான சவுண்ட்போர்டின் மேல் அமர்ந்திருக்கிறது. காற்றில் ஈரம் ஏறினால் அந்தப் பலகை உப்பிப் பிரிட்ஜைத் தள்ளும். கம்பி இறுகிச் சுருதி ஏறும். காய்ந்தால் இறங்கும். எல்லாக் கம்பிகளும் ஒரே அளவில் நகர்ந்தால் காது பொறுத்துக்கொள்ளும். நடு ஸ்தாயி அதிகமாகவும் ஓரங்கள் குறைவாகவும் நகர்வதுதான் தொல்லை. அப்ரைட்டில் இந்தப் பலகை பின்புறம் இருப்பதால், வழக்கமாக நாம் அதைச் சுவரோடு ஒட்டி வைத்துவிடுகிறோம். எங்கள் வீட்டில் அது ஐப்பசி மழையில் ஓதம் ஏறும் வெளிச்சுவர். போதாததற்கு, மாலையில் இரண்டு மணி நேரம் மட்டும் ஏசி ஓடும். ஈரப்பதமானி வாங்கி வைத்த முதல் நாளே முள் 80 விழுக்காட்டிலிருந்து 55க்கு இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன். உள்சுவர்ப் பக்கம் மாற்றி, ஒரு சாண் இடைவெளி விட்டு, ஏசியை அப்படி விட்டுவிட்டு ஓட்டுவதை நிறுத்திய பிறகு சுருதி வெகுவாக நிலைத்தது.

ஆனால் எல்லாப் பழியையும் ஈரத்தின் மேல் போட முடியாது. நடுப்பகுதியில் ஒரு கட்டைக்கு மூன்று கம்பிகள் உண்டு. அவற்றில் இரண்டு நின்று ஒன்று மட்டும் இறங்கினால், அழுத்தியவுடன் ஒலி அலையலையாய்த் துடிக்கும். மறுபடி டியூன் செய்தும் சில நாட்களில் அதே கம்பி இறங்கினால், வீணையில் பிருடை வழுக்குவதைப் போல, அந்தக் கம்பியைச் சுற்றி இறுக்கும் முளை மரத்தில் பிடிப்பை இழந்திருக்கலாம். எங்கள் பியானோவில் அப்படி நான்கு முளைகள் இருந்தன. சற்றுப் பருமனானவற்றைப் போட்ட பிறகே நின்றன.

இன்னொன்று, பல ஆண்டுகள் கவனிக்கப்படாத பியானோவை ஒரே அமர்வில் பொதுச் சுருதிக்கு (நடு A ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ்) ஏற்றினால், பின்னால் ஏற்றும் கம்பிகளின் இழுப்பில் முதலில் சேர்த்தவை இறங்கிவிடும். முதல் சுற்றில் தோராயமாக ஏற்றி, அடுத்த சுற்றில் நுணுக்கமாகச் சேர்த்து, சில வாரங்கள் கழித்து மீண்டும் ஒருமுறை வரும்படி டியூனரிடம் முன்னதாகவே பேசிக்கொள்ளுங்கள்.