மறு: ஹாபிட் தினத்துக்கு எல்லோருக்கும் பரிசு வாங்க வேண்டுமா?

தோழி, தி.நகரில் கூடும், ‘தி ஹாபிட்’ நாவலை எழுதிய டோல்கீனின் ரசிகைகள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள், செப்டம்பர் 22 அன்று அத்தனை அக்காமாருக்கும் பரிசு வாங்கக் கையில் காசில்லை, போகாமலே இருந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் போங்கள்.

அன்று டோல்கீன் கதைகளின் நாயகர்களான பில்போ, ஃப்ரோடோ இருவருக்கும் பிறந்தநாள்; இருவரும் ஹாபிட்கள், அதாவது அவர் கற்பனையில் பிறந்த சின்ன உருவ மனிதர்கள். ஹாபிட் வழக்கப்படி பிறந்தநாள்காரர்தான் மற்றவர்களுக்குப் பரிசு தருவார், அதுவும் பெரும்பாலும் விலை குறைந்ததாகத்தான் இருக்கும். நம் கொலுவில் வெற்றிலை பாக்கோடு ரவிக்கைத் துணியோ சின்னக் கிண்ணமோ வைத்துக் கொடுப்போமே, அந்த மாதிரி. ரங்கநாதன் தெருவில் பச்சைக் கண்ணாடி வளையல் வாங்கி, ஆளுக்கு இரண்டு, கூடவே கையால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. பில்போ வீட்டு வட்டக் கதவும் பச்சைதானே! பார்த்ததும் புரிந்துகொள்வார்கள்.

ஜனவரி 3 பற்றியும் பயப்பட வேண்டாம். 1892-ல் டோல்கீன் பிறந்த நாள் அது. இரவு 9 மணிக்கு எழுந்து நின்று, ‘பேராசிரியர்’ என்று சொல்லி ஒரு வாய் குடிப்பார்கள், அவ்வளவுதான். மது கட்டாயமில்லை, ஃபில்டர் காபியே போதும்.

அப்புறம், காசு விஷயத்தை மூத்த அக்கா ஒருவரிடம் இப்போதே தனியாகச் சொல்லிவிடுங்கள். உங்களைப் போலவே தயங்கும் இன்னொரு பெண் அங்கே இருக்கலாம்.