1918-ஆம் வருடத்து வீட்டுக் கணக்கு: அந்த அம்மாள் ஏமாந்தாரா?

கேள்வி: ஐயா, நான் அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் இருக்கிறேன். பக்கத்துத் தெருவில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்து சாமான்களை விற்றார்கள். அதில் 2 டாலருக்கு ஒரு கணக்கு நோட்டு வாங்கினேன். யாரோ ஒரு குடும்பத் தலைவி பென்சிலால் எழுதியது. 1918 ஜனவரியில் ஆரம்பித்து 1920 மே மாதத்தோடு நின்றுவிடுகிறது. முதல் மூன்று மாதமும் மாதக் கடைசியில் "கடைப் பற்று, 44 டாலர்" என்பதுபோல ஒரே வரிதான். ஏப்ரலிலிருந்து சாமான் சாமானாக எழுதியிருக்கிறார். மாதக் கூட்டல் 39-க்கு இறங்கிவிடுகிறது. கோதுமை மாவு 6 பவுண்டு வாங்கினால் கூடவே மக்காச்சோள மாவும் ஓட்ஸும் சேர்ந்து 6 பவுண்டு. வெள்ளிக்கிழமைதோறும் "ஸ்டாம்ப் 5, 1.25 டாலர்". அக்டோபரில் ஸ்டாம்ப் நின்று, "பாண்டு 1 டாலர்" என்று 50 வாரம் வருகிறது. கடைசிப் பக்கத்தில் "பாண்டு விற்றது, 43". என் கணவர், "காலணா காலணாவாக மிச்சம் பிடித்து அரசாங்கத்திடம் ஏமாந்த அம்மா" என்று சிரிக்கிறார். உண்மையா? அன்று உங்களிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? ஒரு பக்கத்தின் படத்தை இணைத்திருக்கிறேன்.

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அம்மா, உங்கள் கணவர் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதிவிட்டார். நான் முதல் வரியிலிருந்து வருகிறேன்.

அந்த 44 எப்படி 39 ஆனது என்பதுதான் இந்த நோட்டில் எனக்குப் பிடித்த இடம். விலை இறங்கிய காலமா அது? இல்லவே இல்லை. 1913-இல் 35 சென்டுக்குள் கிடைத்த ஒரு டஜன் முட்டை 1918-இல் சராசரியாக 57 சென்டைத் தொட்டது. ஒரு பவுண்டு ரொட்டி 5½ சென்டிலிருந்து 10 சென்டை நெருங்கியது. அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது 1917 ஏப்ரலில். அதற்கு முன்பே, பிப்ரவரியில், நியூயார்க்கில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் விற்ற விலையைத் தாங்க முடியாமல் பெண்கள் தள்ளுவண்டிகளைக் கவிழ்த்துக் கலகம் செய்திருக்கிறார்கள். எல்லாம் ஏறும்போது ஒரு வீட்டுச் செலவு மட்டும் மாதம் 5 டாலர் குறைகிறது என்றால், அந்த அம்மாள் வாங்கும் முறையையே மாற்றியிருக்க வேண்டும்.

மாற்றியிருக்கிறார். மார்ச் வரை ஒரே வரியில் இருப்பது பற்று நோட்டுக் கணக்கு. அன்றைய வழக்கம் அதுதான்: மளிகைக்காரருக்குத் தொலைபேசியில் சொன்னால் போதும், பையன் குதிரை வண்டியில் கொண்டுவந்து சமையலறை மேடையில் வைத்துவிட்டுப் போவான், மாதக் கடைசியில் பணம். வண்டி, குதிரைத் தீனி, பையன் சம்பளம், கணக்கெழுதும் ஆள், கொடுக்காமல் ஊரைவிட்டுப் போனவர்கள் வைத்த பாக்கி, இவ்வளவும் பருப்பு விலைக்குள் ஒளிந்திருக்கும். ஒழுங்காகப் பணம் கட்டுகிறவர்தான் ஓடிப்போனவருக்கும் சேர்த்துக் கட்டுகிறார். என்னைக் கேட்டால் இதைவிடப் பெரிய ஓட்டை ஒரு குடும்பத்துக்குக் கிடையாது.

இதற்கு மாற்று அப்போது கண்ணெதிரே முளைத்துக்கொண்டிருந்தது. ஏ அண்ட் பி என்ற மளிகை நிறுவனம் 1912 முதல் சின்னச் சின்ன "சிக்கனக் கடைகள்" திறந்தது: கடன் கிடையாது, வீட்டுக்கு அனுப்புவதும் கிடையாது, கையில் காசு கொடுத்துக் கையோடு எடுத்துப் போக வேண்டும். 1916 செப்டம்பரில் மெம்ஃபிஸ் நகரத்தில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி கடையைத் திறந்தார். ஒவ்வொரு சாமானிலும் விலை ஒட்டியிருக்கும். வாடிக்கையாளரே கூடையில் எடுத்துப்போட்டுக்கொண்டு வாசலில் பணம் கட்டுவார். இன்று நாம் சாதாரணமாக நினைப்பது அன்று வேடிக்கை பார்க்கும் விஷயம். போர் வந்ததும் அரசின் பொருளாதார வாரியமும் கடைக்காரர்களைப் பார்த்து, ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் வண்டி அனுப்பாதீர்கள் என்று சொல்ல ஆரம்பித்தது. பொட்டலத்தைத் தானே தூக்கிப் போவது கௌரவக் குறைவு என்ற எண்ணம் போய், தேசபக்தி என்று பெயர் வாங்கிவிட்டது. உங்கள் அம்மாள் எந்தக் கடைக்குப் போனார் என்று நோட்டு சொல்லவில்லை. ஆனால் ஏப்ரலிலிருந்து அவர் ரொக்கம் கொடுத்து, பையைத் தானே சுமந்திருக்கிறார் என்று நான் அடித்துச் சொல்வேன். 44-இல் 5 என்றால் நூற்றுக்கு 11. அதில் கொஞ்சம் இறைச்சியைக் குறைத்ததாலும் இருக்கலாம்.

நீங்கள் அனுப்பிய படத்தில் ஒன்றைக் கவனித்தீர்களா? "உருளைக்கிழங்கு 15 பவுண்டு" என்ற வரியின் ஓரத்தில், சின்ன எழுத்தில், "14" என்று இருக்கிறது. அதற்கடுத்த வாரம் "15", ஓரத்திலும் "15". வீட்டுக்கு வந்து தராசில் வைத்துப் பார்த்திருக்கிறார்! அப்போது உருளைக்கிழங்கை "பெக்" என்ற படிக்கணக்கில் அளந்து விற்பார்கள். ஒரு பெக் 15 பவுண்டு இருக்க வேண்டும். கிழங்கைச் சாய்த்து, இடைவெளி விட்டு அடுக்கினால் படி நிறைந்துவிடும், நிறை இருக்காது. பொட்டலச் சாமானுக்காவது 1913 சட்டத்தால் நிகர எடையை மேலே அச்சடிக்க வேண்டிய கட்டாயம் வந்திருந்தது. திறந்த மூட்டைச் சாமானுக்குக் கண்ணும் தராசும்தான் காவல். முதல் வாரம் ஒரு பவுண்டு குறைந்ததைக் கடைக்காரரிடம் சொல்லியிருப்பார் போல. அடுத்த வாரம் சரியாகிவிட்டதே.

அடுத்தது மாவு. அது சிக்கனமும் இல்லை, ருசியும் இல்லை, சட்டம். ஹெர்பர்ட் ஹூவர் தலைமையிலான அமெரிக்க அரசின் உணவு நிர்வாகம், ஐரோப்பாவில் உள்ள நேச நாடுகளுக்குக் கோதுமை அனுப்புவதற்காக, 1918 ஜனவரிக் கடைசியில் ஒரு விதி போட்டது. ஒரு பவுண்டு கோதுமை மாவு வாங்கினால் ஒரு பவுண்டு மாற்று தானியமும் வாங்கித்தான் ஆக வேண்டும்: மக்காச்சோளம், ஓட்ஸ், பார்லி, அரிசி, எதுவானாலும் சரி. செப்டம்பரில் இது நாலுக்கு ஒன்றாகத் தளர்ந்தது, போர் முடிந்ததும் போய்விட்டது. உங்கள் நோட்டில் செப்டம்பருக்குப் பிறகு மக்காச்சோள மாவு குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் கணக்கு அசல் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

இதில் பலர் தவறாக நினைப்பது, மாற்று தானியம் மலிவு என்பது. கோதுமைக்கு அரசு விலை கட்டிவிட்டது, 1917 விளைச்சலுக்கு ஒரு புஷல் (60 பவுண்டு) 2.20 டாலர். மக்காச்சோளத்துக்கு அப்படி ஒரு கட்டு இல்லை. எல்லா வீட்டையும் அதை வாங்கச் சொன்னால் விலை என்ன ஆகும்? மக்காச்சோள மாவு கோதுமை மாவை எட்டிப் பிடித்துவிட்டது. போதாததற்கு அதில் எண்ணெய்ப் பசை இருப்பதால் கோடையில் சீக்கிரம் காறல் வாடை வந்துவிடும். அந்த அம்மாள் மூன்று பவுண்டு மக்காச்சோளம், மூன்று பவுண்டு ஓட்ஸ் என்று பிரித்து வாங்கியது கெட்டிக்காரத்தனம். ஓட்ஸ் காலைக் கஞ்சிக்குப் போய்விடும். மக்காச்சோள மாவு டப்பாவில் கிடந்து வண்டு பிடிக்காது.

இறைச்சி இல்லா நாள், கோதுமை இல்லா நாள் எல்லாம் பெரும்பாலும் சொந்த விருப்பத்தின் பேரில் கடைப்பிடிக்கச் சொன்னவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

சர்க்கரையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பதுக்கல் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இந்தக் கதை முடியாது. 1918 ஆகஸ்டில் ஆளுக்கு மாதம் 2 பவுண்டுதான் சர்க்கரை. பழம் பதப்படுத்துகிறவர்களுக்கு மட்டும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கூடுதலாகக் கொடுத்தார்கள். விலை 10 சென்டை ஒட்டிக் கட்டுப்பட்டு இருந்தது. கட்டுப்பாடு போனபின் 1920 கோடையில் அதே சர்க்கரை 25 சென்டைத் தாண்டி, அந்த வருடம் முடிவதற்குள் பாதாளத்துக்கு விழுந்தது. உச்சத்தில் பயந்துபோய் மூட்டையாக வாங்கி அடுக்கியவர்கள் கதி என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். போர்க்காலத்தில் தேவைக்கு மேல் சேர்த்து வைப்பது குற்றமாகவும் இருந்தது. உங்கள் நோட்டில் அந்த இரண்டு வருடமும் சர்க்கரை எப்படி வாங்கப்பட்டிருக்கிறது என்று எனக்குத் தெரிய ஆசை.

இப்போது உங்கள் கணவர் சிரித்த இடத்துக்கு வருவோம்.

வெள்ளிக்கிழமைதோறும் 1.25 டாலர். நாலு வாரத்துக்கு 5 டாலர். கடையில் மிச்சமானதும் அதே 5 டாலர்! மிச்சம் பிடித்த காசு மேசை டிராயரில் கிடந்தால் எங்கே போனது என்றே தெரியாது. இவர் வாராவாரம் அதற்கு ஒரு இடம் காட்டிவிட்டார். அது அரசு விற்ற சிக்கன ஸ்டாம்ப், ஒன்று 25 சென்ட். அதற்கு வட்டி கிடையாது. 16 ஒட்டினால் 4 டாலர். மேலே சில சென்ட் போட்டு அதைப் போர் சேமிப்பு ஸ்டாம்பாக மாற்றிக்கொள்ளலாம். 1918 ஜனவரியில் அதன் விலை 4.12 டாலர், மாதம் ஒரு சென்ட் ஏறி டிசம்பரில் 4.23. 1923 ஜனவரி 1 அன்று அரசு 5 டாலர் கொடுக்கும். வட்டி சுமார் 4 சதவீதம். தபால் அலுவலகச் சேமிப்புக் கணக்கு அப்போது 2 சதவீதம்தான் கொடுத்தது. இதைவிட முக்கியமான சலுகை ஒன்று உண்டு: அவசரம் என்றால் பத்து நாள் முன்னறிவிப்பு கொடுத்துத் தபால் அலுவலகத்திலேயே பணமாக்கிக்கொள்ளலாம். போட்ட பணம் குறையாது, மாதத்துக்கு ஒரு சென்ட் கூடியிருக்கும்.

பாண்டு அப்படி இல்லை. அது போர்ச் செலவுக்காக மக்களிடம் வாங்கிய கடனுக்கு அரசு கொடுத்த பத்திரம். அக்டோபர் 1918-இல் விற்றது நாலாவது லிபர்ட்டி கடன், 4.25 சதவீதம், குறைந்தபட்சம் 50 டாலர். வாரம் ஒரு டாலர் தவணையில் முதலாளிகளும் வங்கிகளும் ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். வட்டியைப் பார்த்தால் ஸ்டாம்பைவிடக் கால் சதவீதம் கூடுதல். ஆனால் முதிர்வுக்கு முன் பணம் வேண்டுமென்றால் சந்தையில் என்ன விலை போகிறதோ அதற்குத்தான் விற்க வேண்டும். போருக்குப் பிறகு வட்டி விகிதங்கள் ஏறின. வட்டி ஏறினால் பழைய பாண்டின் விலை இறங்கும், இது இன்றைக்கும் மாறாத கணக்கு. 1920 மே மாதம் லிபர்ட்டி பாண்டுகள் 100-க்கு 80-சொச்சத்தில் கிடந்தன. அந்த அம்மாள் விற்ற மாதமும் அதேதான். 50-க்கு 43.

அவருக்கு எவ்வளவு நஷ்டம்? தவணை முடிந்தபின் கைக்கு வந்திருக்கக்கூடிய கூப்பன் வட்டி, ஆறு மாதத்துக்கு 1.06 டாலர் வீதம், ஒன்றோ இரண்டோ. ஆக 5 டாலர் சுமாருக்குப் போயிற்று. அதே 50 டாலரை ஸ்டாம்பிலேயே போட்டிருந்தால் 50-ம் இருந்திருக்கும், மேலே ஒன்றரை டாலரை ஒட்டிக் கிடைத்திருக்கும். இது நோட்டில் தெரிகிற நஷ்டம். தெரியாத நஷ்டம் இதைவிடப் பெரியது: 1918-க்கும் 1920-க்கும் இடையில் பொதுவிலைவாசி மூன்றில் ஒரு பங்கு ஏறிவிட்டது. ஸ்டாம்ப், பாண்டு, தபால் கணக்கு, டிராயர், எதில் வைத்திருந்தாலும் அந்த அடி விழுந்திருக்கும். அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது.

அன்று என்னிடம் வந்திருந்தால், "கடை விஷயத்தில் உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்டாம்பை நிறுத்தாதீர்கள். குறைந்தது மூன்று மாதச் செலவு ஸ்டாம்பாகச் சேர்ந்தபிறகு பாண்டு பற்றிப் பேசுவோம்" என்று சொல்லியிருப்பேன். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அவர் சேர்த்தது முப்பத்திரண்டு டாலர் போலத்தான் வரும். ஒரு மாத மளிகைக்குக்கூடக் காணாது. அந்த நிலையில் விலை ஏறி இறங்கும் ஒன்றை, அதுவும் தவணையில், வாங்கியது சரியில்லை.

ஆனால் ஒன்று. வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம் அவருக்கு இருந்ததா? பாண்டு வாங்காதவர்களை "கடமை தவறியவர்" என்று பட்டியல் போட்ட ஊர்கள் உண்டு, கதவில் மஞ்சள் பெயிண்ட் அடித்த ஊர்களும் உண்டு. ஜெர்மன் வம்சாவளிக் குடும்பங்கள் நிறைந்த உங்கள் பென்சில்வேனியாவில் அந்த நெருக்கடி இரட்டிப்பு. 1918 செப்டம்பர் 28 அன்று பிலடெல்ஃபியாவில் இந்த நாலாவது கடனுக்காக நடந்த ஊர்வலத்தில் இரண்டு லட்சம் பேர் கூடினார்கள். இன்ஃப்ளூயன்சா ஏற்கனவே ஊருக்குள் வந்துவிட்டிருந்தது. அடுத்த சில நாட்களில் ஆஸ்பத்திரிகளில் இடமில்லை. அப்படிப்பட்ட அக்டோபரில் வீட்டுக்காரர் வேலை செய்யும் இடத்தில் தவணைச் சீட்டை நீட்டினால், யாராக இருந்தாலும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வருவார்கள்.

வைத்திருந்தவர்களுக்கு நஷ்டமில்லை என்பதையும் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். 1922-இல் அந்தப் பாண்டுகள் முழு விலைக்குத் திரும்பிவிட்டன. இரண்டு வருடம் தாக்குப்பிடிக்க முடிந்தவருக்கு 50, முடியாதவருக்கு 43. கையில் தனியாக ஒரு அவசரப் பணம் இல்லாததற்கு அவர் கொடுத்த விலை அது.

ஏன் மே மாதம் விற்றார் என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. 39 டாலரில் குடும்பத்தை ஓட்டி, கிழங்கைக்கூட நிறுத்துப் பார்த்த ஒருவர், நஷ்டத்துக்கு விற்கிறார் என்றால் சும்மா விற்றிருக்க மாட்டார். ஏப்ரல், மே பக்கங்களையும் படம் எடுத்து அனுப்புங்கள். வாடகை, டாக்டர், நிலக்கரி என்று எங்காவது ஒரு பெரிய தொகை இருக்கும்.