ஓபன்பிஎஸ்டிக்கு எந்த லப்டொப்? திருகோணமலைக் கேள்விகளும் என் பதில்களும்

விண்டோஸ், லினக்ஸ் மாதிரி இன்னொரு இயங்குதளமான ஓபன்பிஎஸ்டி போட என்ன மெஷின் வாங்கலாம் என்று கேட்ட எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். உவர்மலை வீட்டில் பதினொரு வருடமாக இதைத்தான் பாவிக்கிறேன்.

கேள்வி (உப்புவெளி): அண்ணா, பாவித்த லப்டொப் ஒன்று வாங்கப் போகிறேன். எது எடுக்க?

பதில்: லெனோவோவின் திங்க்பேட் எடுங்கள் தம்பி. எக்ஸ்230, டி430 என்ற 2012 மொடல்களே போதும். கையில் கொஞ்சம் கூட இருந்தால் டி480. ஓபன்பிஎஸ்டியை எழுதுகிறவர்கள் பலரிடம் இருப்பதும் திங்க்பேட்தான், அதனால் பிழைகள் முதலில் திருத்தப்படுவதும் அதில்தான்.

கடைக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு பென்டிரைவில் ஓபன்பிஎஸ்டியை முழுதாக இன்ஸ்டோல் பண்ணிக் கொண்டுபோய், கடைக்காரரிடம் கேட்டு அதிலிருந்து பூட் பண்ணுங்கள். ‘டிமெசெக்’ என்று அடித்தால் கேர்னல் (சிஸ்டத்தின் மையப்பகுதி) கண்ட சாமான்கள் வரிவரியாக வரும். ஒரு வரி ‘நொட் கொன்ஃபிகர்ட்’ என்று முடிந்தால் அதற்கு ட்ரைவர் (அந்தச் சாமானை இயக்கும் மென்பொருள்) இல்லை. இன்ஸ்டோலரை மட்டும் பூட் பண்ணிப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அதில் இருப்பது சுருக்கிய கேர்னல். நல்ல சவுண்ட் கார்டைக்கூட இல்லை என்று காட்டும்.

அப்புறம், அடிமூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். நிலாவெளியில் கடலுக்குப் பக்கத்தில் இருந்த மெஷின் ஒன்றை அண்மையில் பார்த்தேன். வெளியே புதுசு மாதிரி, உள்ளே றாம் செருகும் இடத்தில் பச்சைக் களிம்பு. உப்புக்காற்றுக்கு எந்த ட்ரைவரும் இல்லை.

கேள்வி (சீனன்குடா): என்விடியா கார்ட் உள்ள மெஷின் சரிவருமா?

பதில்: வேண்டாம். ஓபன்பிஎஸ்டியில் என்விடியாவுக்கு முடுக்கம் தரும் ட்ரைவர் கிடையாது. படம் தெரியும், வேகம் வராது. இன்டெல் அல்லது ஏஎம்டி கிராபிக்ஸ் பாருங்கள்.

கேள்வி (நகரம்): அண்ணா, என் லப்டொப்பில் வைஃபை ரியல்டெக் 8821சிஇ. வேலை செய்யவே இல்லை.

பதில்: செய்யாது தங்கச்சி, அதற்கு ட்ரைவர் இல்லை. இன்டெல் கார்ட் ஒன்று மாற்றிப் போடுங்கள். அந்தக் கார்டுக்கும் ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஓடும் மென்பொருள்) இறக்க வேண்டும், இறக்க இணையம் வேண்டும். அதற்கு உங்கள் அன்ட்ரொய்ட் போனை யூஎஸ்பி வயரில் கட்டி டெதரிங் (போனின் இணையத்தைக் கணினிக்குக் கொடுப்பது) போடுங்கள். பெரும்பாலான போன்களை நெட்வேர்க் கார்ட் மாதிரியே எடுத்துக்கொள்ளும். பிறகு ‘எஃப்டபிள்யூ_அப்டேட்’ ஓட்டினால் சரி. எக்ஸ்230 மாதிரிப் பழைய திங்க்பேட் வைத்திருப்பவர்கள் கவனம்: பயோஸ் (மெஷினைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) பட்டியலில் இல்லாத கார்டைப் போட்டால் 1802 என்ற பிழையைக் காட்டி நின்றுவிடும்.

கேள்வி (பாலையூற்று): புளூடூத் ஹெட்செட்?

பதில்: ஓபன்பிஎஸ்டியிலிருந்து புளூடூத்தை 2014இலேயே எடுத்துவிட்டார்கள். தானே ஹெட்செட்டோடு இணைந்து, கணினிக்கு யூஎஸ்பி சவுண்ட் கார்டாகத் தெரியும் டொங்கிள் இருக்கிறது. அதை வாங்குங்கள்.

கேள்வி (மூதூர்): திங்க்பேட் எக்ஸ்220 ஒன்று மலிவாகக் கிடைத்தது, பற்றரி செத்துவிட்டது. கறண்டில் செருகியே பாவிக்கலாம்தானே?

பதில்: பாவிக்காதீர்கள். முதலில் பற்றரி, மற்றதெல்லாம் பிறகு. ஓபன்பிஎஸ்டியின் ஃபைல் சிஸ்டத்துக்கு ஜேர்னல் (செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு) இல்லை. கறண்ட் சடாரென்று போனால் அடுத்த பூட்டில் ‘எஃப்எஸ்சிகே’ என்ற சோதனை நிரல் முழு டிஸ்க்கையும் தடவிப் பார்க்க வேண்டும். சிலவேளை தானே திருத்த முடியாமல் உங்களைக் கூப்பிடும். 2022 மார்ச்சில் ஒருநாள் 13 மணித்தியாலம் இருளில் இருந்தோமே, அந்தக் காலத்தில் என்னுடையதும் பற்றரி செத்த மெஷின்தான். அம்மாவின் படங்கள் சில ‘லொஸ்ட்+ஃபவுண்ட்’ அடைவுக்குள் பெயர் போய் வெறும் எண்களாகக் கிடந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பெயர் வைத்தேன்.

கேள்வி (கிண்ணியா): என் லினக்ஸ் எத்தனை தரம் கறண்ட் போனாலும் உடனே எழும்புது. பற்றரிக்குக் காசு கேட்கிற சிஸ்டம் எதுக்கு?

பதில்: நானா, உடனே எழும்புவது உண்மை, அதில் லினக்ஸ்தான் முன்னுக்கு. ஆனால் லினக்ஸின் ஃபைல் சிஸ்டமான இஎக்ஸ்டி4 வழக்கமாக ஜேர்னலில் எழுதுவது எந்த ஃபைல் எங்கே என்ற கணக்கை மட்டும்தான். நீங்கள் பாதி எழுதிய கடிதத்தை அது காப்பாற்றாது.

கேள்வி (அதே நானா): கடிதம் போனால் திரும்ப எழுதலாம். சிஸ்டமே எழும்பாட்டி?

பதில்: அதற்குத்தான் இன்ஸ்டோலர் டிஸ்க்கைத் தானாகவே பிரித்துப் போடுகிறது. உங்கள் ஃபைல்கள் இருக்கும் /ஹோம் பழுதானாலும் சிஸ்டத்தின் நிரல்கள் இருக்கும் /யூஎஸ்ஆர் தப்பும். எஸ்எஸ்டி போட்டால் ‘எஃப்எஸ்சிகே’ சீக்கிரம் முடியும். பற்றரி அரைமணி நேரம் தாங்கினால் ஒழுங்காக மூடிவிடலாம். லினக்ஸ் பாவிப்பவருக்கும் நான் பற்றரி வாங்கத்தான் சொல்வேன்.

கேள்வி (மூதூர்): அப்ப பற்றரி வாங்கட்டா, எஸ்எஸ்டி வாங்கட்டா?

பதில்: பற்றரி.

கேள்வி (சாம்பல்தீவு): கேமிங் லப்டொப், என்விடியா...

பதில்: சீனன்குடாக்காரருக்குச் சொன்னதுதான்.

கேள்வி (கன்னியா): இன்டெலும் என்விடியாவும் சேர்ந்திருந்தால்?

பதில்: இன்டெலில் ஓடும். என்விடியா சும்மா கிடக்கும். அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். இனி என்விடியா பற்றிக் கேட்டால் பதில் எழுத மாட்டேன்.

கேள்வி (உவர்மலை): தமிழ் ஒழுங்காகத் தெரியுமா?

பதில்: ஃபயர்ஃபொக்ஸில் நன்றாகத் தெரியும். நோட்டோ எழுத்துருப் பொதியைப் போடுங்கள்.

கேள்வி (நிலாவெளி): ஓபன்பிஎஸ்டியின் சின்னம் ஏன் மீன்?

பதில்: அது பேத்தை! கரைவலையில் வந்தால் ஊதிக்கொண்டு கிடக்குமே, அதேதான். சின்ன உடம்பு, தொட்டால் முள்ளு. 1995இல் தொடங்கி, பாதுகாப்பே முதல் என்று சொல்லும் சிஸ்டத்துக்குப் பொருத்தமான மீன்.

கேள்வி (உப்புவெளி): அண்ணா, டி430 எடுத்துவிட்டேன், எல்லாம் ஓடுது. இனி?

பதில்: டிமெசெக் வெளியீட்டை ஓபன்பிஎஸ்டி ஆட்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள் தம்பி. எந்தெந்த மெஷினில் ஓடுகிறது என்று அவர்கள் பார்ப்பது அதை வைத்துத்தான். பற்றரி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.