செரட்டோனின் சந்தோஷ கெமிக்கல்னா, மைக்ரேன் மாத்திரை ஏன் அதோட ரிசப்டர்ல, அதாவது செரட்டோனின் வந்து ஒட்டுற இடத்துல, போய் வேலை செய்யுது?

ரீல்ஸ்காரங்க செரட்டோனினுக்கு ஒரு ஸ்மைலி ஒட்டி விட்டதால வந்த குழப்பம் இது. அதைக் கண்டுபிடிச்சதே ரத்தத்துலதாங்க. 1948-ல அமெரிக்காவுல க்ளீவ்லேண்ட் கிளினிக்ல ராப்போர்ட், கிரீன், பேஜ்னு மூணு பேரு, ரத்தம் உறைஞ்சதுக்கப்புறம் கிடைக்கிற சீரம் ஏன் ரத்தக் குழாயை இறுக்குதுன்னு தேடிப் போய் பிடிச்சதுதான் செரட்டோனின். மூளைலயும் அது இருக்குன்னு 1953-லதான் பேப்பர் வந்துச்சு.

மூளைல ரத்தக் குழாயை விரிக்கிறதும் இறுக்குறதும் ஏன் முக்கியம்னா, மூளை நம்ம எடைல 2 சதவீதம்தான், ஆனா சும்மா உக்காந்திருக்கும்போதே 20 சதவீதம் ஆக்ஸிஜனை இழுத்துக்கும், சேத்து வெச்சுக்கவும் வழியில்ல, அதனால எந்த ஏரியா வேலை செய்யுதோ அங்க அப்பப்ப ரத்தத்தைத் திருப்பி விட்டாகணும். நீங்க இதைப் படிக்கும்போதே பின்மண்டைல பார்வைக்கான பகுதில நியூரான்கள் குளூட்டமேட்னு ஒரு கெமிக்கலை விடுது, அதை வாங்குற நியூரானுக்குள்ள கால்சியம் ஏறி நைட்ரிக் ஆக்சைடு உருவாகுது, பக்கத்துல குழாயைச் சுத்திக் கால் பதிச்சிருக்கிற ஆஸ்ட்ரோசைட்னு ஒரு செல்லும் தன் பங்குக்கு புரோஸ்டாகிளான்டின்னு இன்னொரு கெமிக்கலை விடுது, குழாயோட தசை தளர்ந்து சில செகண்ட்ல ரத்தம் கூடிடும். தேவைக்கு மேலயே வரும், எஃப்எம்ஆர்ஐங்கிற மூளை ஸ்கேன் படத்துல கலர் கலரா தெரியுறது அந்த ரத்த விஷயம்தான், நியூரானை அது நேரா பாக்குறதே இல்ல.

மத்த மூளை கெமிக்கல்களும் குழாயைத் தொடும்: அசிடைல்கோலின் பெரும்பாலும் விரிக்கிற கட்சி, நார்அட்ரினலின் இறுக்குற கட்சி. அடினோசின் விரிக்கும், காபில இருக்கிற காஃபின் அதை மறிக்கும், அதான் தினம் குடிக்கிறவங்க காபியை நிறுத்தினா மண்டை இடிக்குது.

இப்ப மைக்ரேன். அட்டாக் வரும்போது முகம், தலை வலியைக் கொண்டு போற ட்ரைஜெமினல் நரம்பு முனைல இருந்து சிஜிஆர்பினு ஒரு பெப்டைட் (சின்னப் புரதத் துண்டு) வெளிய வரும், குழாயை நல்லா விரிச்சு விட்டுரும். ட்ரிப்டான் வகை மைக்ரேன் மாத்திரையான சுமாட்ரிப்டான் ரெண்டு செரட்டோனின் ரிசப்டரைப் பிடிக்குது: குழாய்ச் சுவர்ல இருக்கிற 1பி, அது குழாயைச் சுருக்கும், நரம்பு முனைல இருக்கிற 1டி, அது சிஜிஆர்பி வர்றதைக் குறைக்கும். வலிக்குக் காரணம் குழாயா நரம்பான்னு டாக்டர்களுக்குள்ள பழைய சண்டை, நான் நரம்பு பக்கம்தான், ஏன்னா சிஜிஆர்பி வேலையை மறிக்கிற, புதுசா வந்த ஜெபான்ட் மாத்திரைங்க குழாயைச் சுருக்காமலே வலியைக் குறைக்குது.

எனக்கு ட்ரிப்டான் போட்டா கொஞ்ச நேரத்துல கழுத்தும் தாடையும் இறுக்கிப் பிடிக்கும், தலைவலி இறங்கும்போது அதுவும் போயிரும். 1பி ரிசப்டர் இதயத்துக்குப் போற குழாய்லயும் இருக்கு, அதனால ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு இதைத் தரமாட்டாங்க, பக்கத்து வீட்டு அக்கா ஸ்ட்ரிப்ல இருந்து ஒண்ணு உருவிப் போட்டுக்காதீங்க.